மேடம் பிரித்த ஈக்கள்

கண்ணாடிக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அடியிலிருந்த மாவுக்கூழில் பொடிப் பொடியாய்ப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. கன்னி ஈக்கள் மட்டுமே இருக்கவேண்டிய குப்பி அது. அதில் புழு நெளிகிறது என்றால், உள்ளே எங்கோ ஓர் ஆண் ஈ நுழைந்து குடித்தனம் நடத்தியிருக்கிறது என்று அர்த்தம். அத்தனையும் வீண்.

அடுத்த குப்பியை எடுத்தாள். அதிலும் அதே கதை.

"என்னம்மா, மறுபடியுமா?" பின்னால் மேடம் வந்து நின்றார். இவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. பழ ஈக்களோடு ஓர் ஆயுளைக் கழித்தவர். "கொஞ்சம் கவனமாப் பார்த்திருக்கலாம். கல்யாணம் ஆனதுலேர்ந்து உன் மனசு இங்க இல்ல."

குரலில் கோபம் இல்லை. தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, "பரவாயில்ல விடு. இன்னொரு தடவை செஞ்சிட்டாப் போச்சு. எங்க ஓடிப்போகப் போற?" என்று சிரித்தார்.

எங்கே ஓடுவது? அதுதான் இவளுக்கும் தெரியவில்லை.

ஆய்வேட்டில் எல்லா அத்தியாயங்களும் எழுதியாகிவிட்டது. கன்னி ஈக்களை வேறு வகை ஆண் ஈக்களோடு சேர்த்துப் பார்க்கும் இந்த ஒரு கலப்புச் சோதனை மட்டும் பாக்கி. கணவன் இருக்கும் ஊரில், அவன் கணக்கு வாத்தியாராக வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் இவளுக்கு வேலை கிடைத்திருந்தது. புது வகுப்புகள் தொடங்குவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வரவேண்டும்; இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று முதல்வர் மரியாதையாகவே சொல்லியிருந்தார். இதோடு இரண்டு முறை சோதனை கெட்டுப்போயிற்று. மூன்றாவது முறைக்கு மட்டும்தான் இனி நாள் இருந்தது.

கல்யாணமாகி வருஷம் திரும்பியும் அவள் குடியிருப்பு பல்கலைக்கழக மகளிர் விடுதியில்தான். அங்கே மணமானவள் அவள் ஒருத்தி என்பதால் விடுதி முழுவதற்கும் அவள் 'அண்ணி'. சாப்பாட்டுக்கூடத்தில் தட்டைக் கழுவும் இடத்தில்கூட, "அண்ணி, அண்ணன் எப்ப வந்து கூட்டிட்டுப் போவாரு?" என்று யாராவது வம்புக்கு இழுப்பார்கள்.

அன்று மாலை அந்த 'அண்ணன்', அவள் கணவன், போனில் இருந்தான்.

"இன்னிக்கு என்ன வேலை?"

"கன்னிப் பொண்ணுங்களைத் தனியாப் பிரிச்சு அடைச்சு வைக்கிற வேலை."

"ஏன், வார்டனுக்கு லீவா?"

சிரிக்கத்தான் நினைத்தாள். சிரிப்பு வரவில்லை. மறுமுனையில் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"மறுபடியும் போச்சா?"

"ம்."

"நீதான் ஊசிக்காதுல யானையப் பார்க்கிற ஆளாச்சே. உனக்கு எப்படித் தப்பும்?"

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி இவளை விடவில்லை. எப்படித் தப்பும்?

புதிதாய் வெளிவந்த ஈக்களைப் பிரிப்பது லேசான காரியமில்லை. வளர்ந்த ஆண் ஈயின் வயிற்று நுனி கறுத்திருக்கும். யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். பிறந்து சற்று நேரமே ஆன ஆண் ஈயோ பெண்ணைப் போலவே வெளுத்துக் கிடக்கும். மயக்கம் கொடுத்து, நுண்ணோக்கியின் கீழ் போட்டு, தூரிகை நுனியால் முன்னங்காலை விரித்துப் பார்க்கவேண்டும். அங்கே மயிரிழை கனத்தில் கறுப்பாய் ஒரு சின்னச் சீப்பு இருந்தால் ஆண். இல்லாவிட்டால் பெண்.

பகலில் அவள் பிரித்த குப்பிகளில் புழுவே இல்லை. விடியற்காலையில் பிரித்த குப்பிகளில்தான் புழு. விடியற்காலையில் பிரித்தது அவள் இல்லை.

ஈக்கள் பெரும்பாலும் பொழுது விடியும் நேரத்தில்தான் கூட்டை விட்டு வெளியே வரும். விடுதியின் வாசற்கதவோ நன்றாக விடிந்த பிறகுதான் திறக்கும். மேடத்தின் வீடு ஆய்வுக்கூடத்துக்குப் பின்னாலேயே. இவள் போய்ச் சேருவதற்குள், "உனக்குக் கஷ்டம் வேண்டாமேன்னு நானே பிரிச்சு வெச்சிட்டேன்" என்று குப்பிகளைப் பஞ்சடைத்து அடுக்கி வைத்திருப்பார். அவருக்குக் கொஞ்ச நாளாகப் படிக்கட்டில் கால் தடுமாறியது. செய்தித்தாளைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார். தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டு, "டப்பா மாறிப்போச்சு" என்றார். எல்லாம் கண்ணெதிரில்தான் நடந்தது. கூட்டிப் பார்க்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களுக்குக் கண் தெரியவில்லை, என்னைப் பிடித்து வைத்திருப்பது உங்கள் கைதான் என்று எந்த வாயால் சொல்வது? காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொண்டுவந்த கை அது. சொல்லாமல் இருந்தால் வேலை போகும்; கணவனோடு வாழ்வது இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். அறைக்குள் நடந்து பார்த்தாள். நான்கு எட்டு வைப்பதற்குள் சுவர் வந்துவிட்டது.

"அண்ணி, தரை தேஞ்சிடும்," என்றாள் அறைத்தோழி. இலக்கியம் படிக்கும் சின்னப் பெண். ஓயாமல் பேசுவதால் பெயர் குருவி.

"குருவி, உன் அலமாரியில இடம் இருக்கா?"

"எதுக்கு?"

"ஈ வளர்க்க."

குருவிக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச்சு வரவில்லை.

யோசனை எளிமையானது. கூட்டுப்புழுக்கள் இருக்கும் பாட்டில்களை மாலையில் பையில் போட்டு விடுதிக்குக் கொண்டுவந்துவிட்டால், விடியற்காலையில் மேடத்தின் கைக்கு எதுவும் கிடைக்காது. கதவு திறந்ததும் ஓட்டமும் நடையுமாகப் போய் இவளே பிரித்துக்கொள்ளலாம். "பாட்டிலெல்லாம் எங்கம்மா?" என்று மேடம் கேட்டபோது, "குளிர் அறையில வெச்சிருக்கேன் மேடம்" என்று பொய் சொன்னாள். நாக்கு கசந்தது.

மறுநாளே திட்டம் கெட்டது. பஞ்சு சரியாக அடைபடாத ஒரு பாட்டிலிலிருந்து ஈக்கள் கிளம்பி, மாடிப்படி வழியாகச் சாப்பாட்டுக்கூடத்துக்குக் குடிபெயர்ந்து, வாழைப்பழத் தாரில் உட்கார்ந்துவிட்டன. சிவப்புக் கண்ணுள்ள சாதாரண ஈயாக இருந்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்கமாட்டார்கள்.

"வெள்ளைக் கண்ணு!" என்று விலங்கியல் படிக்கும் ஒரு பெண் கத்தினாள். "வார்டன், இது நம்ம ஊரு ஈ இல்ல. லேப் ஈ."

வார்டன் நேராக மாடியேறி வந்தார். அலமாரியைத் திறந்தார். மடித்து வைத்த துணிகளுக்கு நடுவே பாட்டில்கள் வரிசையாய் நின்றன.

"ஆம்பளைங்களை உள்ள விடக்கூடாதுன்னுதான் ரூல் இருக்கு. ஈக்கு ரூல் இல்லன்னு நினைச்சியா?" என்றவர் குருவியின் பக்கம் திரும்பினார். "நீயும் கூட்டா?"

"நான் இலக்கியம் வார்டன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

பாட்டில்களை ஒரு வாளியில் அடுக்கிக்கொண்டு வார்டன் நேரே ஆய்வுக்கூடத்துக்கே நடந்தார். இவள் பின்னாலேயே போனாள். மேடத்தின் மேஜைமேல் வாளியை வைத்து, "உங்க பிள்ளைங்க எங்க சாப்பாட்டுக்கூடத்துல இருக்குதுங்க. அட்டெண்டன்ஸ் எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மேடம் வாளியைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார்.

"என்கிட்டேர்ந்து ஒளிச்சு வெச்சியா?"

என் தப்பு மேடம், மன்னிச்சிடுங்க, மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன் என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுமுகமாக முடியும். வாய்வரை வந்துவிட்டது. மேடமும் அதற்காகவே காத்திருப்பதுபோல் நின்றார்.

"விடியக்காலைல பிரிச்ச குப்பியில எல்லாம் ஆணும் இருந்துச்சு மேடம்," என்றாள். "நான் பிரிச்சதுல இல்ல."

மேடம் வாளியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். ஈக்களை மயக்கி வெள்ளைத் தட்டில் கொட்டி, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். வெகுநேரம் குமிழைத் திருகினார்.

"எனக்கு எல்லாம் பொண்ணாத்தான் தெரியுது," என்றார். "நீ பாரு."

அவர் விலகிய இடத்தில் இவள் குனிந்தாள். "வலது ஓரத்துல ரெண்டு ஆண், மேடம். நடுவுல ஒண்ணு."

"சீப்பு தெரியுதா உனக்கு?"

"தெரியுது."

மேடம் நாற்காலியைத் துழாவி உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "டாக்டர் ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லி ரொம்ப நாளாச்சு. படிக்கத்தானே கஷ்டமா இருக்கு, ஈயைப் பார்க்க இல்லையேன்னு விட்டுட்டேன். கை பழகினதால கண்ணும் பார்க்குதுன்னு நினைச்சுட்டேன்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "நான் உன்னை இங்கயே நிறுத்தி வைக்கத்தான் பார்க்கிறேன்னு நினைச்சியா?"

"சில நேரம் நினைச்சேன் மேடம்."

"உன் காலேஜ் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடணும்னுதான் இருட்டோட எழுந்து வந்தேன்." அவர் சிரிக்கப் பார்த்தார். "ஆனா நீ நினைச்சதும் முழுசாத் தப்புன்னு சொல்லமாட்டேன். ஒவ்வொரு தடவை கெட்டுப்போறப்பவும் எனக்கு வருத்தம் வரவேண்டிய அளவுக்கு வரல."

பிறகு மேடம் போனை எடுத்து வார்டனை அழைத்து, நாளையிலிருந்து இந்தப் பெண்ணுக்கு மட்டும் கதவை விடிவதற்கு முன்னாலேயே திறந்துவிடும்படி சொன்னார். மறுமுனையில் ஏதோ புலம்பல் கேட்டது. "ஈ எல்லாம் இங்கதான் இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு," என்று வைத்தார்.

மறுநாள் இன்னும் இருட்டுப் பிரியவில்லை. மரங்களுக்கு நடுவே இவள் வந்தபோது ஆய்வுக்கூடத்தில் விளக்கு எரிந்தது. மேடம் வந்திருந்தார். ஆனால் நுண்ணோக்கியின் பக்கத்தில் இல்லை. எதிர்ச் சுவரோரம் ஒரு முக்காலியில், இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தூக்கம் வரல. நான் எதையும் தொடமாட்டேன். வாயையும் திறக்கல. நீ பாரு."

பாட்டிலுக்குள் அப்போதுதான் வெளிவந்தவை கூட்டமாய் ஊர்ந்துகொண்டிருந்தன. இறக்கைகூட இன்னும் விரியவில்லை. இவள் மயக்கி, தட்டில் கொட்டி, தூரிகையைக் கையில் எடுத்தாள். எல்லாம் ஒன்றுபோல் வெளுத்துக் கிடந்தன. எதிர்ச் சுவரோரம் மேடம் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. இதில் ஒன்றே ஒன்றைத் தவறாக விட்டாலும் போதும். இந்த அறையும் முக்காலியும் அதில் உட்கார்ந்திருப்பவரும் இன்னொரு வருஷம் அப்படியே இருப்பார்கள். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

முதல் ஈயின் முன்னங்காலைத் தூரிகையால் விரித்தாள். பொறுக்கமாட்டாமல் மேடம் கேட்டுவிட்டார்:

"என்னம்மா அது?"

"ஆண், மேடம்," என்று சொல்லி, அதைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கித் தள்ளினாள்.