மூன்றில் ஒரு பங்கு கூடுதல்

சுல்மா எடுக்கும் எலும்புப் படங்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். மறைத்து என்ன ஆகப்போகிறது? மொண்டேவிடியோ நகரின் இந்த ஸ்கேன் அறையில் நான் பதினான்கு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். அவள் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஆனாலும் டாக்டர் பாஸ்டோரினோ மாணவர்களுக்குக் காட்டுவது அவள் எடுத்த படத்தைத்தான்.

ஊசியில் ஏற்றும் கதிரியக்க மருந்து, நோயாளியின் எடைக்குத் தக்க அட்டவணைப்படிதான். அவளுக்கும் எனக்கும் ஒரே அட்டவணை. அவள் நோயாளியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு மாமியார், கால்பந்து என்று பேசிப் பேசியே அரைமணி நேரம் அசையாமல் படுக்கவைத்துவிடுவாள். நேரம் கூடினால் குறைந்த மருந்திலும் படம் தெளிவாக விழும். எனக்கு அந்தப் பேச்சு வராது. என் நோயாளிகள் பத்து நிமிடத்தில் நெளிவார்கள், படம் மணல் தூவியதுபோல் வரும்.

போன திங்கட்கிழமை இடுப்பு வலியோடு ஒன்பது வயது மிகேலா வந்தாள். ஒரு நிமிடம் சும்மா இருக்காத பிள்ளை. மருந்தைக் கூட்டினால் குறைந்த நேரத்திலேயே படம் தெளிவாக விழும். திங்கட்கிழமை மருந்து புதிதாக வரும், தாராளமாக இருக்கும், கூடுதலாக எடுத்தாலும் கேட்க ஆளில்லை. அட்டவணையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஏற்றினேன். குறிப்பேட்டில் அட்டவணை அளவையே எழுதினேன். ஒரு தடவையாவது சுல்மாவை ஜெயிக்கவேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது.

மூன்று மணி நேரம் கழித்துப் படம் எடுத்தேன். அப்படி ஒரு தெளிவு.

"அடேயப்பா! யாரு எடுத்தது, சுல்மாவா?" என்றார் டாக்டர்.

"நான்தான்."

"நீயா நெலிடா! இத்தன நாளா இந்தத் தெறமைய எங்க ஒளிச்சு வெச்சிருந்த? எவ்ளோ மருந்து குடுத்த? இனிமே எல்லாக் கொழந்தைங்களுக்கும் இதே மாதிரிதான்."

பக்கத்தில் நின்ற சுல்மா முந்திக்கொண்டாள். "அட்டவணைப்படிதான் டாக்டர். பொண்ணு கொஞ்சங்கூட அசையல, அதான்."

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "ஏன்டி பொய் சொன்ன?"

"காலைல ஊசி மருந்த அளக்குற மீட்டர்ல நீ எடுத்த அளவப் பாத்தேன். கை தவறியிருக்கும்னு விட்டுட்டேன். கவலப்படாத, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினாள். நல்ல படமும் அவளுக்கே, நல்ல மனசும் அவளுக்கேயா? அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. திரும்பி டாக்டர் அறைக்குள் போனேன்.

"மூணுல ஒரு பங்கு கூடக் குடுத்தேன். வேணும்னேதான்."

அவர் திரையில் இருந்த படத்தை அணைத்தார். "அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு. அப்புறம், கொழந்தைங்க யாரையும் இனி நீ தொடவேணாம்."

மிகேலாவின் அம்மா மகளின் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை.

"எதுக்குக் கூடக் குடுத்தீங்க?"

"படம் நல்லா வரணும்னு."

"குடுக்காட்டி வந்திருக்காதா?"

"வந்திருக்கும்," என்றேன். "சுல்மா எடுத்திருந்தா."