அவன் வாயால் ஒரு நம்பர்

கேப்டன் மேங் சாங்சோப்பின் பக்கத்து இருக்கைக்காக மூன்று வருஷம் காத்திருந்தேன். மரியாதைக்காக இல்லை. அவனைக் கவிழ்க்க.

மூன்று வருஷத்துக்கு முன் ஜேஜூ தீவில், காற்றடித்த ஒரு மதியம், இந்த மேங் விமானத்தைத் தொம்மென்று இறக்கி வாலைத் தரையில் தேய்த்தான். ஓட்டியது அவன். அறிக்கையில் எழுதியதோ, துணை விமானி தோயோல் ஓட்டினார் என்று. "இந்த ஒரு தடவை நீ ஏத்துக்க தம்பி, உன்னை நான் பாத்துக்கறேன்" என்றானாம். எங்கள் நாட்டில் மூத்தவர் இப்படிச் சொன்னால் இளையவர் தலையைக் குனிந்து ஏற்றுக்கொள்வார். தோயோலும் மன்னிப்புக் கடிதம் எழுதினார். வேலை போனது. மேங் திரும்பியும் பார்க்கவில்லை. தோயோல் என் அக்காவின் கணவர். இப்போது இஞ்சோனில் கோழி பொரித்து விற்கிறார். நான் அவர் மைத்துனன் என்று மேங்குக்குத் தெரியாது.

கடைசியில் ஒரு நாள் காலை, கிம்போ விமான நிலையத்திலிருந்து ஜேஜூவுக்கு, கேப்டனாக மேங், துணை விமானியாக நான். பணிப் பட்டியலில் எங்கள் இரண்டு பெயரும் ஒன்றாக வந்திருந்தன. அவன் பெட்டியையும் நான்தான் தூக்கி வந்தேன்.

"இது காப்பியா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்றான்.

"மன்னிச்சுக்கங்க கேப்டன். வேற வாங்கிட்டு வரேன்."

"விடு விடு. உங்க தலைமுறைக்குக் கை வேற, மூளை வேற. சரி, நீயே ஓட்டு. நான் வேடிக்கை பாக்கறேன்."

ஓட்டினேன். தரையை விட்டுக் கிளம்பி, சக்கரங்கள் உள்ளே மடங்கி, தொள்ளாயிரம் அடி ஏறியபோது இடப்பக்கம் டமாரென்று ஒரு சத்தம். மூக்கு இடப்பக்கம் இழுத்தது. வலது காலை அழுத்தி நேராக்கினேன். இடப்பக்கத்து ஒன்றாம் நம்பர் எஞ்சினின் அளவுமானி முட்கள் சரசரவென்று விழுந்தன. வலப்பக்கத்து இரண்டாம் நம்பர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் நூற்று எழுபத்தொரு பேர்.

எஞ்சினை நிறுத்த எங்களுக்கு ஒரு முறை உண்டு. நெம்புகோலில் கை வைப்பவர் எந்த நம்பர் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். பக்கத்தில் இருப்பவர் பார்த்து 'சரி' என்ற பிறகே இழுக்கவேண்டும். இளையவர்களின் 'சரி'க்கு மேங் ஒருநாளும் காத்திருந்ததில்லை.

அவன் கை பாய்ந்து போய் நின்றது இரண்டாம் நம்பரில். ஓடுகிற எஞ்சினில்.

நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

விமானி அறையின் ஒலிப்பதிவுக் கருவிக்குக் காது உண்டு, கண் கிடையாது. இப்போது தடுத்தால் கை வைக்கவே இல்லை என்பான். கருவிகளும் அதற்குச் சாட்சி சொல்லாது, நெம்புகோல் இன்னும் நகரவில்லையே. அவன் வாயால் அந்த நம்பர் வரவேண்டும். சொல்லடா, சொல் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டாம் நம்பர்! நிறுத்தறேன்!"

அவன் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்தேன். "கையை எடுடா! செத்தது ஒண்ணாம் நம்பர்!"

பத்தொன்பது வயது மூத்தவனை 'டா' போட்டேன். வாழ்நாளில் அவ்வளவு இனித்த சொல் வேறில்லை.

ஒற்றை எஞ்சினில் சுற்றி வந்து கிம்போவிலேயே இறக்கினேன். பயணிகள் கைதட்டியது கதவைத் தாண்டிக் கேட்டது. மேங் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழைய குரலை வரவழைத்துக்கொண்டான்.

"மின்சாரம் ஓடட்டும் தம்பி, அணைக்காதே. மெதுவா இறங்கலாம். நீதான் தப்பான நெம்புகோலைத் தொட்ட, நான் தடுத்தேன். அப்படி எழுதிடுவோம். உன்னை நான் பாத்துக்கறேன்."

அதே வார்த்தை. மின்சாரம் ஓடினால் அந்த ஒலிப்பதிவுக் கருவி பழையதை அழித்து அழித்துப் புதிதாகப் பதியும். இரண்டு மணி நேரம் போனால் நாங்கள் பேசியது எதுவும் மிஞ்சாது. ஜேஜூவில் அத்தான் பேச்சை அப்படித்தான் அழித்திருந்தான். நான் எழுந்து, பின்சுவரில் அந்தக் கருவிக்கு மின்சாரம் போகும் பொத்தானைப் பிடுங்கினேன்.

"என்னடா பண்ற?"

"உப்புத் தின்னவன் தண்ணி குடிக்கணும் கேப்டன். தோயோலோட மச்சான் நான்."

இரண்டு இருக்கைகளுக்கு நடுவே, அந்த இடுக்கில், மேங் முழங்காலிட்டான். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க" என்று அழுதான். நான் அவன் பெட்டியைத் தாண்டி இறங்கிப் போனேன். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு குளிர்கிறது. அதை மறைக்கமாட்டேன்.

ஐந்து மாதத்தில் மேங்கின் உரிமம் போனது. மூன்று வருஷத்துக்கு முன் அந்த ஜேஜூ விமானத்தில், 'நீ ஏத்துக்க' என்று மேங் சொன்னதைக் காதால் கேட்ட பணிப்பெண் ஒருத்தி, இனி பயமில்லை என்று வந்து உண்மையைச் சொன்னாள். அத்தானின் பெயர் சுத்தமானது. ஒலிப்பதிவின் எழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். கட்டியணைப்பார் என்று நினைத்தேன்.

ஊறுகாய்க்கு முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தவர், கையுறையைக் கழற்றிவிட்டு நின்றபடியே படித்தார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"சத்தம் கேட்டதுக்கப்புறம் இங்க நாலு விநாடி யாரும் பேசலையே. ஏன்?"

"அவன் தடுமாறிட்டான் அத்தான்."

"அவன் சரி. நீ?"

தாளை வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"விசாரணையில கேட்டிருப்பாங்களே. என்ன சொன்ன?"

"முட்களைப் பாத்துட்டு இருந்தேன்னு."

"நெசமா?"

இல்லையென்று தலையாட்டினேன். "அவன் கையைப் பாத்துட்டு இருந்தேன். நம்பரைச் சொல்லட்டும்னு."

"சொல்லாமலே இழுத்திருந்தா?"

அந்த நூற்று எழுபத்தொரு பேரை அன்றுதான் முதன்முதலாக நினைத்தேன். அத்தான் தாள்களை ஒழுங்காக மடித்து என் கையில் கொடுத்தார்.

"கம்பெனி திரும்பக் கூப்பிட்டிருக்கு. போகப்போறேன். ஒண்ணு மட்டும் கேட்டு எழுதணும்."

"என்ன அத்தான்?"

"மேங்கை நீ மாட்டிவிட்டதால, நீ கேப்டனானதும் உன் பக்கத்துல என்னைப் போடறோம்னாங்க. உன்கூட மட்டும் போடாதீங்கன்னு கேக்கணும்" என்றார்.