ஆமென் சொல்லக் கற்றுக்கொடுத்தவள்

ஞாயிறு ஆராதனைக்கு ஷீபா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். உத்திரமேரூர் சபையின் போதகர் அருள்தாஸ் இன்று அவள் தலையில் கைவைத்து ஜெபித்து, ஏரிக்கரைக் குடியிருப்பில் தொடங்கப்போகும் கிளைச் சபைக்கு அவளைத் தலைவியாக்கப்போகிறார். சபை முழுக்கத் தெரிந்த சங்கதி அது.

ஒரு கிறிஸ்தவ வீடுகூட இல்லாதபோது அங்கே போனவள் அவள். நடவுக்குப் போய் இடுப்பொடிந்து வரும் பெண்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தாள். காய்ச்சலில் கிடந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சினாள். அவளைத் தூக்கிவிட்டவர் போதகர்தான், இல்லையென்று சொல்லவில்லை. புதிய தலைவர்களை எழுப்ப வேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்குகிற மனிதர். எழுப்புவார். எழுந்தவன் எவ்வளவு உயரம் வருகிறான் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டும் இருப்பார்.

இந்தச் சூதெல்லாம் ஷீபாவுக்குத் தெரியாது. போன வாரம் சந்தோஷம் தாங்காமல் போதகர் வீட்டில் உளறிவைத்தாள்.

"ஐயா, அந்த ஜனங்க என்னை இன்னான்னு கூப்புடுறாங்க தெரியுமா? பாஸ்டரம்மான்னு!"

அந்தச் சபையில் அது ஒருத்திக்கு மட்டுமே உரிய பட்டம். அதற்குரிய ஞானசுந்தரி, போதகரின் மனைவி, காபித் தம்ளரோடு அங்கேயே நின்றிருந்தாள். "அப்டியா, சந்தோசம்" என்றாள். போதகர் சிரித்தார். ஷீபாவும் சேர்ந்து சிரித்தாள், பைத்தியக்காரி.

குடியிருப்புப் பெண்களுக்கு அவள் முதலில் கற்றுக்கொடுத்ததே ஆமென் சொல்லத்தான். எல்லம்மாளுக்கு மட்டும் அது லேசில் வரவில்லை.

"போதகரு ஜெபத்துல பேசறது ஒண்ணும் புரியலியே ஷீபா, எந்த எடத்துல சொல்றது?"

"புரியணும்னு இல்லக்கா. கண்ண மூடிக்கினு, அவரு மூச்சு வாங்கற எடத்துலல்லாம் சத்தமா சொல்லு. அவரு வாயில வர்றது ஆண்டவரு வார்த்தை."

அந்தப் பெண்கள் எல்லோரும் இன்று வேன் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஷீபா மேடையேறி முழங்காலிட்டாள். போதகரின் கை உச்சந்தலையில் அழுந்தியது.

"ஆண்டவரே! இந்த மகளுக்குள் புகுந்த பெருமையின் ஆவியைக் கட்டுகிறேன்!"

"ஆமென்!"

ஷீபா மூடியிருந்த கண்ணைத் திறந்தாள்.

"சபையைக் கெடுக்க வந்த ஆவியே, வேதத்தில் வரும் கெட்ட ராணி யேசபேலின் ஆவியே, வெளியே போ! இந்த ஊழியம் இவளிடமிருந்து எடுக்கப்படட்டும்!"

"ஆமென்!"

"அந்த மந்தைக்கு ஞானசுந்தரி தாயாக இருக்கட்டும்!"

"ஆமென்!"

முன்வரிசையிலிருந்துதான் சத்தம் அதிகம். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது அவளுக்கு. ஓடினால் ஆவி ஓடுகிறது என்பார்கள். வாயைத் திறந்தால் ஆவி பேசுகிறது என்பார்கள். அழுதால் அதுவும் ஆவியின் கணக்கில்தான் சேரும். எத்தனை பேருக்குப் போதகர் இப்படி ஜெபித்தபோது பக்கத்தில் நின்று அவளே அப்படிச் சொல்லியிருக்கிறாள்! பற்களைக் கடித்துக்கொண்டு, எல்லோரையும் போல அவளும் ஆமென் சொன்னாள்.

ஆராதனை முடிந்ததும் செருப்பு விடும் இடத்தில் எல்லம்மாள் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாஸ்டரம்மா, நீ சொல்லிக்குடுத்தாப்புலயே மூச்சு வாங்கற எடத்துலல்லாம் சொன்னேன். ஒண்ணுகூட வுடல. மேல உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா" என்றாள் ஷீபா.