நாற்பதைத் தாண்டாத டர்போ

அவருக்கு நாற்பது என்று பெயர் வைத்தவர்கள் அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். வயதைச் சொல்லி வைத்த பெயர் இல்லை. அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும்வரை வண்டி நாற்பதைத் தாண்டாது. முள் கொஞ்சம் நகர்ந்தாலும் அவர் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக் அமுங்கிவிடும். அவருடைய ஓட்டுநர் பள்ளியில் படித்தவர்களில் ஒருவர்கூட எங்கேயும் இடித்ததில்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் இல்லை என்பார்கள் வேண்டாதவர்கள்.

இவ்வளவு காலமும் அவருக்கு வாய்த்தது அந்தப் பக்கத்து இருக்கைதான். கூரையில் பலகை மாட்டிய குட்டிக் கார்கள். அடுத்தவர் கையில் கியர் கரகரக்கும். அடுத்தவர் காலில் வண்டி குதித்துக் குதித்து நிற்கும். தனக்கென்று ஒரு ஸ்டியரிங் வேண்டும் என்ற ஆசை எப்போது வந்ததோ தெரியாது. வந்தது பெரிதாக வந்தது.

ஒரு நாள் மாலை பழைய சொகுசுக் கார் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். கறுப்பு நிறம். தோல் இருக்கைகள். டர்போ பூட்டிய டீசல் எஞ்சின். கதவைச் சாத்தினால் அறைந்த சத்தம் கேட்காது, ஒரு பெருமூச்சு மட்டும் கேட்கும்.

விற்றவர் ஒரு பல் மருத்துவர். புதிதில் அவர் கொடுத்த விலையில் கால் பங்குகூட இவர் கொடுக்கவில்லை.

மருந்துக்கடை நடத்தும் மனைவி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“இவ்ளோ பெரிய வண்டிய எதுக்கு இவ்ளோ மலிவா குடுத்தாரு?”

“அவருக்கு மனசு பெரிசு.”

“ஆடுற பல்லுன்னு அவருக்குத் தெரியாதா? புடுங்கி உங்க கையில குடுத்துட்டாரு.”

அவளுடைய தம்பி பழைய கார்களுக்குத் தரகன். அவன் முன்பே சொல்லிப் பார்த்திருந்தான்.

“மாமா, வாங்குறதுதான் பழைய விலை. உள்ள இருக்கற சாமானெல்லாம் இன்னும் புது விலை. வண்டிக்கு வயசாகும். அதோட பில்லுக்கு வயசாகாது.”

“நான் ஓட்டற ஓட்டுக்கு எதுவும் தேயாது மாப்ள,” என்றார் நாற்பது.

அதை அவர் மனதார நம்பினார். காலையில் பள்ளிக்குப் போக அந்தக் கார், மாலையில் திரும்ப அந்தக் கார். வீட்டிலிருந்து பள்ளி நாலு தெரு. ஸ்டியரிங்கைக் குழந்தையின் தலையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொள்வார். பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். அந்தக் காலியான இருக்கையை அவ்வப்போது திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

முதல் மாதம் கொண்டாட்டம். பிறகு கார் வாய் திறந்து கேட்க ஆரம்பித்தது. கண்ட எண்ணெயை அது குடிக்காது, அதற்கென்று தனி எண்ணெய். ஒரு டயரின் விலையில் பள்ளியின் குட்டிக் கார் நாலு காலுக்கும் புதுச் செருப்பு போட்டுக்கொள்ளும். பக்கக் கண்ணாடியை மடக்கும் மோட்டார் கெட்டது. அது கடல் தாண்டி வர வேண்டும் என்றார்கள். வந்தது. கண்ணாடி மடிந்தது. நாற்பதின் பர்ஸ் அதற்கு முன்பே மடிந்திருந்தது.

“வீட்டுல இன்னொரு நோயாளி சேந்த மாதிரி இருக்கு,” என்றாள் மனைவி. “இதுக்கு மலிவு விலை மாத்திர எதுவும் கிடையாதா?”

அவர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒரு மேம்பாலத்தில் நடந்தது. பாதி ஏற்றத்தில் எஞ்சின் துவண்டுபோனது. டாஷ்போர்டில் எச்சரிக்கையாக மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டே முந்திப் போனார். போகிறபோக்கில் கண்ணாடி வழியாக உள்ளே ஒரு பார்வை பார்த்தார். அதில் இரக்கம் இருந்தது.

மனைவியோடு போன சர்வீஸ் சென்டரில் குளுகுளு அறை. மெத்தை நாற்காலி. டை கட்டிய ஒருவர் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். பிறகு, “டர்போ போயிடுச்சு சார், புதுசுதான் போடணும்,” என்று கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். நாற்பது தொகையைப் பார்த்தார். மனைவியும் பார்த்தாள். கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“இந்தக் காப்பிக்கும் சேத்தா போட்டிருக்கீங்க?”

வீட்டுக்கு வந்ததும் அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

“ஞாயித்துக்கிழம தம்பி ஒரு ஆளக் கூட்டிட்டு வர்றான். அதுக்குள்ள அந்த விளக்கு அணைஞ்சா வண்டி இருக்கட்டும். இல்லேன்னா குடுத்துடுங்க. எப்பவாவது உங்கள இது வேணும்னு கேட்டிருக்கேனா?”

“இல்ல.”

“இப்ப கேக்கறேன்.”

அவர் தலையாட்டினார். வேறு என்ன செய்வது?

சனிக்கிழமை காலையில் காரை ராக்கெட்டிடம் கொண்டுபோய், டை கட்டியவர் சொன்னதைச் சொன்னார். ராக்கெட் மெக்கானிக். ஒரு காலத்தில் இவருடைய மாணவன். அந்தப் பெயரை வைத்தவர் இவரேதான், வயிற்றெரிச்சலில். ராக்கெட் ஒரு கருவியைச் செருகிப் படித்தான். குனிந்து புகைக்குழாயைப் பார்த்தான். நிமிர்ந்து இவரைப் பார்த்தான்.

“சார், கடைசியா இத எப்ப வேகமா ஓட்டினீங்க?”

“வேகமாவா?”

“சும்மா ஒரு எம்பது, தொண்ணூறு.”

“டேய்.”

ராக்கெட் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“நீங்க இத ஓட்டவே இல்ல சார். தாலாட்டியிருக்கீங்க.”

அவன் விளக்கினான். டர்போ என்பது வெளியே போகும் புகையின் வேகத்தில் சுழலும் விசிறி. எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பது அதன் வேலை. அதைச் சுற்றியுள்ள சின்னத் தகடுகள் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். நாலு தெரு போய் நாலு தெரு வந்ததில் கரி படிந்து அவை இறுகிவிட்டன. புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டியும் நிரம்பிவிட்டது. நல்ல சூடு ஏறினால் கரி எரிந்து போகும். இவரிடம் வந்த நாள்முதல் அந்தக் காருக்குச் சூடு என்றால் என்னவென்றே தெரியாது.

“உடைஞ்சிருக்காதுன்னு நினைக்கறேன். ஹைவேல அரை மணி நேரம் மிதிங்க. கியரக் குறைச்சு, எஞ்சின் கத்துற மாதிரி. நூறுக்குக் கீழ வரக் கூடாது. அப்பவும் விளக்கு எரிஞ்சா, டை கட்டினவரு சொன்னதுதான்.”

“நீயே மிதிச்சுக் குடுத்துடேன்பா.”

“இன்னிக்கு நான் மிதிப்பேன். நாளையிலேர்ந்து நீங்க தாலாட்டுவீங்க. மறுபடி அடைச்சுக்கும். வாரா வாரம் யாராவது மிதிச்சாத்தான் சார் இது உங்ககிட்ட இருக்கும். முடியாதுன்னா வித்துடுங்க, புண்ணியமாப் போகும்.”

அன்று மத்தியானம் நாற்பது தனியாக நெடுஞ்சாலைக்குப் போனார். அகலமான சாலை. நூற்றிருபதுவரை போகலாம் என்று பலகையே அனுமதி கொடுத்தது. அவர் மிதித்தார். முள் நாற்பத்தைந்துக்கு வந்தது. கால் தானாக எழும்பிவிட்டது. திரும்ப மிதித்தார். திரும்ப எழும்பியது. பிரேக்கை மட்டுமே படித்த கால். இத்தனை வருடம் அது சொன்னதைக் கேட்டு அவர் பிழைத்திருக்கிறார். இன்றைக்கு அவர் சொல்வதைக் கேள் என்றால் அது கேட்குமா? லாரிகள் ஒலியெழுப்பிக்கொண்டே விலகிப் போயின. ஒரு லாரியின் கிளீனர் கைகூப்பினார். விளக்கு எரிந்தபடியே வீடு திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மனைவி வெளியே வந்தபோது அவர் நின்றிருந்த காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ராக்கெட் சொன்னதைச் சொன்னார். தன் காலைப் பற்றியும் சொன்னார். அவள் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள்.

“நகருங்க அந்தப் பக்கம்.”

“நீயா?”

“எங்கிட்ட லைசன்ஸ் இருக்கு.”

இருந்தது. அது எப்படி வந்தது என்பது அந்த வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு. கல்யாணமான புதிதில் அவர் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். மூன்றாம் நாள் அவள் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தாள். அடுத்த வாரம் எதிர்த்தெருவில் இருந்த போட்டிப் பள்ளியில் சேர்ந்தாள். அவர்கள் அவளுடைய படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டிவைத்தார்கள். அதன்பிறகு அவள் ஓட்டும் வண்டியில் அவர் ஏறியதில்லை.

“விக்கணும்னு சொன்னவ நீதானே?”

“தம்பி வர்ற வரைக்கும்னு சொன்னதும் நான்தான். சொன்ன நேரத்த முழுசாக் குடுக்கணுமில்ல? பெல்ட்டப் போடுங்க.”

நெடுஞ்சாலையில் ஏறியதும் அவள் கியரைக் குறைத்து மிதித்தாள். எஞ்சின் இருமியது. பின்கண்ணாடியில் கறுப்பாக ஒரு மேகம் எழுந்தது. கார் முக்கி முனகி அறுபதுக்கு வந்தது. எழுபது. நாற்பதின் வலது கால் தரைவிரிப்பை ஓட்டை போடுவதுபோல அழுத்தியது.

“அங்க எதுவும் இல்லீங்க.”

“தெரியும்.”

“அப்ப எதுக்கு அழுத்தறீங்க?”

“நான் அழுத்தல. அது அழுத்துது. லாரி! முன்னாடி லாரி!”

“தெரியுது. கண்ணாடி போட்டிருக்கேன்.”

“இண்டிகேட்டர்...”

“போட்டாச்சு. வேணும்னா கண்ண மூடிக்கோங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடிய பிறகுதான் அது நடந்தது. எஞ்சினுக்குள் எங்கோ ஒரு சின்ன விசில் கிளம்பியது. இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தது. யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல இருக்கை அவரை முன்னே கொண்டுபோனது. பக்கத்தில் ஒரு சத்தம். அவள் பயந்துவிட்டாள் என்று கண்ணைத் திறந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கடையில் கணக்குச் சரியாக வரும் அன்றைக்குக்கூட அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

“என்னங்க இது, இப்படிப் போகுது!”

முள் நூற்றுப்பத்தில் நின்றது. பின்னால் புகை இல்லை. அவர் முதலில் சாலையைப் பார்த்தார். பிறகு அவளுடைய கைகளைப் பார்த்தார். இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. இடைவெளி சரி. கண்ணாடிகளை முறையாகப் பார்க்கிறாள். போட்டிப் பள்ளியில் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அரை மணி நேரம் கழித்து ஒரு திருப்பத்தில் நெடுஞ்சாலையைவிட்டு இறங்கி, எஞ்சினை அணைத்து, மறுபடி முடுக்கினாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள். மஞ்சள் விளக்கு எரியவில்லை.

வீட்டு வாசலில் தம்பியும் வாங்க வந்தவரும் காத்திருந்தார்கள். வந்தவர் ஓய்வுபெற்ற நூலகர். தும்பைப்பூச் சட்டை, மடித்த குடை. காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மனைவியைத் தம்பி ஓரமாக இழுத்தான்.

“அக்கா, விளக்கு எரியுதுன்னு சொல்லித்தான் விலை பேசினேன். அதுக்கே வாங்கினதுக்கு மேல குடுக்கறேங்கறாரு. போட்ட பில்லெல்லாம் திரும்பிடும்.”

அவள் கணவரைப் பார்த்தாள். விளக்கு அணைந்தால் வண்டி இருக்கட்டும் என்று அவள்தான் சொன்னாள். ஆனால் பில் எல்லாம் திரும்பி வரும் என்றால் அவர் என்ன சொல்வது? மறுத்தால் பிடிவாதம். கொடுத்தால் கார் போயிற்று. நூலகரிடம் திரும்பிக் கேட்டார்.

“ஐயா இத எங்க ஓட்டப் போறீங்க?”

“எங்க ஓட்டுவேன் சார்? காலையில பூங்கா. நடந்துட்டு வீடு. சாயங்காலம் நூலகம். ரெண்டும் பக்கந்தான். அலுங்காம, குலுங்காம ஓட்டுவேன். பூ மாதிரி வச்சுப்பேன்.”

நாற்பது கண்ணை மூடித் திறந்தார்.

“அப்ப இத வாங்காதீங்க ஐயா.”

“மாமா!” என்றான் தம்பி.

“நான் இப்படித்தான் வச்சிருந்தேன். பூ மாதிரி. அதான் கரியா வந்து நின்னுது. விரட்டி ஓட்டினாத்தான் இது பிழைக்கும். உங்களுக்கு ஒரு சின்னப் பெட்ரோல் வண்டி போதும். இவனே நல்லதாப் பாத்துக் குடுப்பான்.”

“வண்டி விக்கற நேரத்துல வண்டியப் பத்தியே கோள் சொல்றீங்களே மாமா!” தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான்.

நூலகர் குடையை ஊன்றி யோசித்தார். “விரட்டி ஓட்டறதுன்னா, நீங்க விரட்டுவீங்களா? உங்களப் பாத்தா அப்படித் தெரியலியே.”

“எனக்கு வராதுங்க ஐயா. என் சம்சாரம் ஓட்டுவா. என்னவிட நல்லா ஓட்டறா. நான் பக்கத்துல உக்காந்துக்குவேன்.”

தெருவே கேட்கும்படிதான் சொன்னார். தம்பி கையை இறக்கிவிட்டு அக்காவைப் பார்த்தான். இருபது வருடமாக யாரும் எடுக்காத பேச்சு சாதாரணமாக வாசலில் வந்து விழுந்திருந்தது.

“அக்கா, நீயாவது சொல்லு. இதோட செலவுக்கு என்ன பண்ணப் போறீங்க?”

“எண்ணெய், டயரு எல்லாம் இனிமே என் கடைக் கணக்கு,” என்றாள் அவள். “வாரத்துக்கு ஒரு வேளை மருந்து. தவறாமக் குடுத்தா கட்டுப்பாட்டுல இருக்கும். இந்த மாதிரி எத்தன பேரப் பாக்கறேன்.”

நூலகர் சிரித்துவிட்டார். தம்பி அவரை அழைத்துக்கொண்டு, சின்னப் பெட்ரோல் வண்டி ஒன்று கைவசம் இருப்பதாகச் சொல்லியபடியே தெருவில் இறங்கினான்.

நாற்பது சாவிக்காகக் கையை நீட்டினார். அவள் அதைக் கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போனாள்.