ஆந்தைமேட்டு மாளிகைக்கு முப்பத்து நான்கு படங்கள்

பதினோரு வருடங்களாக மூன்று பேர் ஆந்தைமேட்டு மாளிகைக்குள் அகப்பட்டுக் கிடந்தார்கள். ஒரு வீரன், ஒரு திருடி, ஒரு மந்திரவாதி. வெளியே வர அவர்களுக்கு வழியே வைக்காதவன் ஹோல்கர். ஓடென்ஸ நகராட்சியில் குடிநீர்ப் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் மட்டும் கடவுள்.

விளையாட்டு இதுதான். ஹோல்கர் கதை சொல்வான், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் கட்டுவார்கள், நடந்ததா நடக்கவில்லையா என்பதைப் பகடை சொல்லும். வீரன், வரி அலுவலகத்துப் பியார்கே. திருடி, பல் டாக்டர் சிட்செல். மந்திரவாதி, பஸ் ஓட்டும் ஃபிளெமிங். மாளிகை முழுவதும் கட்டம் போட்ட தாள்களில் ஹோல்கரின் பென்சில் கோடுகளாக இருந்தது.

போன மாதம் பியார்கே சொல்லிவிட்டான். "கிறிஸ்துமஸோட நான் நிறுத்திக்கிறேன்டா. பதினோரு வருஷமா ஒரே வீடு. அதுல ஒரு கக்கூஸ்கூட இல்ல."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். மனைவி பிரிந்து போன பிறகு ஹோல்கருக்கென்று மிச்சமிருந்த ஒரே நாள் ஞாயிறு. அதுவும் போனால் மழையையும் ரேடியோவையும் வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

ஆகவே படம் வரைந்து தரும் ஏஐயிடம் போனான். இரண்டு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு அறையாக எழுதிக் கொடுத்தான். 'அச்சமூட்டும் சாப்பாட்டுக்கூடம், மெழுகுவத்தி வெளிச்சம், ஒரு பட்லர்.' பத்து வினாடியில் படம் வந்து விழுந்தது. பதினோரு வருடம் பென்சில் சீவியவன் வாயைப் பிளந்தான். அந்த மயக்கத்தில் எந்தப் படத்தையும் கிட்டத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஏஐ படங்களில் விரல் கூடும் குறையும் என்பார்கள்; ஆனால் காதலில் விழுந்தவன் எங்கேயாவது விரல்களை எண்ணுவானா?

எண்ணியிருக்க வேண்டும். ஏனென்றால் அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. முதல் வருடம் ஒரு மெழுகுவத்தித் தாங்கி இருக்கிறதா இல்லையா என்று பியார்கே மூன்று ஞாயிறு சண்டை போட்டதில், ஹோல்கரே எழுதிப் பகடைப் பெட்டி மூடியில் ஒட்டியது: 'மேசையில் வைத்தது வைத்ததுதான்.' அவன் வைத்த படத்தில் இருப்பது வீட்டிலும் இருக்கும். மறந்துவிட்டேன், தெரியாமல் வந்துவிட்டது என்றெல்லாம் சொல்ல முடியாது. கீழே நான்கு கையெழுத்து.

நவம்பர் மழை. மேசையில் காபியும் இலவங்கப்பட்டை பன்னும். ஹோல்கர் முதலில் மாளிகையின் முகப்புப் படத்தை வைத்தான்.

"அடேயப்பா, அழகா இருக்குடா!" என்றாள் சிட்செல். ஹோல்கருக்கு உள்ளம் குளிர்ந்தது.

இரண்டாவதாகச் சாப்பாட்டுக்கூடத்தை வைத்தான். பியார்கே கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

"ஹோல்கர், இந்தப் பட்லருக்கு மூணு கை."

"அது, மெஷின் கொஞ்சம்..."

"மேசைல வெச்சியா, இல்லியா?"

"வெச்சேன்."

"அப்போ மூணு கைதான். ஒண்ணுல தட்டு, ஒண்ணுல விளக்கு. மூணாவதுல என்ன?"

சாவிக்கொத்து. பதினோரு வருடமாகத் தேடிய சாவி. சிட்செல் பகடையை உருட்டி, பட்லர் எந்தக் கையைக் கவனிப்பது என்று விழிப்பதற்குள் சாவிக்கொத்தை லவட்டிவிட்டாள்.

"டேய், கணப்புக்குள்ள பாருங்கடா!" என்று ஃபிளெமிங் கத்தினான். "கக்கூஸ்!"

விறகு எரியவேண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு பீங்கான் கக்கூஸ். வீரன் கவசத்தைக் கழற்றினான். மற்ற இருவரும் மரியாதையாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"இதுக்குமா டைஸ் போடணும்?" என்றான் ஹோல்கர்.

"பதினோரு வருஷம்டா. டைஸ் போடாம எப்படி?" என்றான் பியார்கே.

இருபது விழுந்தது. அந்த இருபது முகப் பகடையில் அதற்கு மேல் எண்ணே கிடையாது. எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மூன்றாவது படத்தில் ஒரு படிக்கட்டு மேலே போய்க் கூரைக்குள் முட்டிக்கொண்டு நின்றது. அதன் அடியில் ஒரு கதவு. கதவின் கண்ணாடிக்கு அப்பால் வெயிலடிக்கும் கடற்கரை.

"அது சுவர்ல மாட்டின ஓவியம்" என்று ஹோல்கர் கூசாமல் புளுகினான்.

"ஓவியத்துக்கு எதுக்குடா கைப்பிடி?" என்றாள் சிட்செல். சாவியைப் போட்டாள். பகடை உருண்டது. கதவு திறந்தது. மூன்று பேரும் மணலில் கால் வைத்தார்கள்.

இருபத்தைந்தே நிமிடத்தில் விளையாட்டு முடிந்தது. பிளாஸ்கில் காபி இன்னும் சுட்டது. ஹோல்கர் மடியில் முப்பத்தொரு படங்கள் மிச்சம்.

"அவ்வளவுதானா?" என்றான் பியார்கே. ஜெயித்த முகமாக இல்லை. எழுந்து கோட்டை எடுத்தான்.

ஹோல்கர் படங்களை அடுக்கப் பார்த்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வரி அலுவலகத்துக்காரன் முன்னால் அழக்கூடாது என்று ஒரு முழுப் பன்னை வாயில் அடைத்துக்கொண்டான்.

சிட்செலுக்குப் பல்லின் இருட்டுப் பொந்துகளை உற்றுப் பார்த்துப் பார்த்தே பழக்கம். முகப்புப் படத்தை விளக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"இரு. மேல்மாடி ஜன்னல்ல யாரு?"

நான்கு பேர். ஒருவன் கையில் வாள். ஒருத்தி தலையில் முக்காடு. ஒருவனுக்குக் கூம்புத் தொப்பி.

"நாமதான்" என்றான் ஃபிளெமிங்.

"நாமதான் வெளிய வந்துட்டோமே?" என்றாள் சிட்செல்.

"மேசைல வெச்சது வெச்சதுதான். உள்ளயும் இருக்கோம்."

ஒரு கையை மட்டும் கோட்டுக்குள் விட்டிருந்த பியார்கே அப்படியே நின்றான். முகத்தில் நிஜமான வேதனை. "ஒரே ஆளு எப்படிடா ரெண்டு விலாசத்துல இருக்க முடியும்? இதை இப்படியே விட முடியாது." கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். "அந்த நாலாவது ஆளு யாரு?"

வழுக்கைத் தலை, வட்டக் கண்ணாடி. கக்கத்தில் ஒரு கத்தைத் தாள். ஏழு விரல் உள்ள கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். டாட்டா காட்டுகிறானா, காப்பாற்றச் சொல்கிறானா என்று சொல்ல முடியவில்லை. மூன்று பேரும் ஹோல்கரின் வழுக்கையையும் கண்ணாடியையும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹோல்கர் பன்னை விழுங்கினான். "நான் ஆளே கேக்கலடா. காலி வீடுன்னுதான் எழுதினேன்."

"உன்னை விட்டுட்டு வந்துட்டோமேடா" என்றாள் சிட்செல் மெதுவாக.

பியார்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "ஊரையே பூட்டி வெச்சவன் தானும் உள்ளயே மாட்டிக்கிட்டான் பாரு. எருமை. சரி, திரும்ப உள்ள போறோம். இவனைக் கூட்டிட்டு வர எத்தனை வருஷம் ஆகுமோ."

"மொதல்ல நான் கணப்புக்குப் போறேன்" என்றான் ஃபிளெமிங்.

ஹோல்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நான்காவது படத்தை எடுத்தான். இந்தத் தடவையும் விரல்களை எண்ணாமலே மேசையில் வைத்தான்.