பதினேழரைப் பிள்ளைகள்

ஆயிரத்து நூற்று முப்பத்தேழு ரூபாய் ஐம்பது சதம், தாஸிம் நானா கடைக்கு நான் கொடுக்க வேண்டியது, அதில் பன்னிரண்டரை ரூபாய் என் வெற்றிலைக்கு, மீதி அத்தனையும் பால்மா, ஒரு பக்கெட்கூட என் வீட்டு அடுப்புப் பக்கம் போகவில்லை, எல்லாம் நான் ஆயாவாகப் பார்க்கிற இந்தத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் தூங்குகிற வயிறுகளுக்குள் போனது... இதை இன்று கணக்குப் பார்க்க வரும் கேகாலை மிஸ்ஸிடம் சொல்லலாமா, சொன்னால் பால் குறைந்தது தெரிந்துவிடும், தெரிந்தால் கணக்கப்பிள்ளை அழகமுத்து ஐயா காத்திருக்கிறார், நேற்றும் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தானே போனார், "ரேகை வெச்ச கைக்கு பேனா எதுக்கு மீனாம்பா? பேசாம ரப்பர் காட்டுக்கே வந்துரு, என் கொழுந்தியா எட்டாம் வகுப்பு படிச்சவ, அவ பாத்துக்குவா." ரப்பர் காட்டில் எனக்கு இனி என்ன இருக்கிறது, இருட்டோடு எழுந்து மரம் மரமாகச் சீவி வாளி சுமந்து தேய்ந்து போன தோள், இடது கையை இப்போது காதுக்கு மேலே தூக்க முடியாது, பிள்ளையை மடியில் போடத்தான் அது லாயக்கு. தொட்டில் கயிற்றை இழுக்க அந்தக் கை போதும். மரம் சீவப் போதாது. அங்கே போனால் ஒரு மாதம் தாங்குவேனா, இரண்டு மாதம் தாங்குவேனா...

சுமன் முனகுகிறான், ஆட்டு, ஆட்டு, இவன் அம்மா புஷ்பம் ஐந்தரைக்கே கொண்டுவந்து போட்டுவிட்டு ஓடினாள், சீலையில் ரப்பர் வாசம், பிள்ளைக்கும் அதே வாசம். பத்து மணிக்கு மிஸ் வருவார். போன வருசம் ஆட்சி மாறியதிலிருந்து எல்லாமே புதுசு, புதுக் கொப்பி, புதுப் படிவம், புதுச் சட்டம். பிள்ளை பார்க்கிறவளே பிள்ளைக் கணக்கை எழுத வேண்டுமாம், வேறு ஆள் எழுதி இவளிடம் ரேகை வாங்கக் கூடாதாம், ஆறு மாதம் பார்ப்பார்களாம், தேறாதவள் காட்டு வேலைக்கு. அன்றைக்கு எல்லா ஆயாக்களும் அழுதார்கள், நான் அழவில்லை, ஏனென்றால் அதற்குள் எனக்கு எழுத்து வந்திருந்தது, அது ஒருத்தருக்கும் தெரியாது. எலக்சன் நேரம் இந்தக் காம்பராச் சுவர் முழுக்க நோட்டீஸ் ஒட்டினார்களே, ஒரு கட்சி ஒட்டும், மறு கட்சி அதன் மேல் ஒட்டும், பிள்ளைகள் தூங்கும் நேரம் நான் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்ப்பேன், ராத்திரி மகள் ஜீவராணியிடம் கரியால் தரையில் வரைந்து காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்பேன். "என்னம்மா, நீ எலக்சன் கேக்கப் போறியா?" என்று சிரிப்பாள். நாற்பத்தாறு வயதில் நான் முதலில் வாசித்த சொல் 'உறுதி'. இரண்டு கட்சி நோட்டீசிலும் அது இருந்தது. யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள், எனக்கு இரண்டு பேரும் வாத்தியார்தான்.

வெந்நீர் கொதிக்கிறது, சுப்பம்மா பால் கலக்குகிறாள், எனக்குத் துணையாக அடுப்பு பார்க்கிறவள், வாய் ஓயாதவள். "ஏ மீனா, பழைய ஆட்சியில பாலு கட்டியா இருந்துச்சுடி, புது ஆட்சி வந்துச்சு, கழனித் தண்ணி மாதிரி ஆயிருச்சு." உண்மைதான், அழகமுத்து ஐயா எழுதி நான் ரேகை வைத்த காலத்தில் பால் ஒருநாளும் தட்டியதில்லை, நான் எழுதத் தொடங்கிய மாதத்திலிருந்து பக்கெட் குறைந்துவிட்டது, மாசக் கடைசி வாரம் டின்னைத் தட்டினால் ஓசைதான் வரும். புஷ்பம்கூடக் கேட்டாள், "ஏன் ஆயாம்மா, ராவெல்லாம் இவன் பசின்னு அழுவுறான்?" நான் என்ன சொல்ல, எழுதத் தெரியாதவள் எழுத வந்தாள், பாலும் போச்சு என்று லயத்துச் சனம் பேசாதா, பேசினால் அழகமுத்து ஐயா காதுக்கு எவ்வளவு நேரம்... அன்று மாலை பஸ் ஏறி மாவனல்லைக்குப் போனேன், தாஸிம் நானாவிடம் கடன் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு துண்டு எழுதித் தருவார், அதைக் கம்பியில் குத்தி வைத்தேன். கணக்குக்காக இல்லை, வாசித்துப் பழக. பால்மா ஒன்று, பால்மா இரண்டு, வெற்றிலை... கடன் ஏறுவதைக்கூட எழுத்துக்கூட்டி வாசிக்க எனக்கு ஒரு சந்தோசம் இருந்தது, வெட்கம்தான், ஆனால் இருந்தது.

ஆனால் என் கணக்கு நேர்மையான கணக்கு, அதில் எனக்குப் பயமில்லை. தோட்டத்தில் எப்படியோ அப்படியே எழுதினேன். முழுநாள் வேலைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, பாதி நாளில் திரும்பினால் அரைப் பேர், பிறந்ததிலிருந்து எங்கள் சம்பளம் அப்படித்தான் விழுகிறது, மழை வந்தால் அரைப் பேர், மரத்துப் பால் குறைந்தால் அரைப் பேர். பிள்ளைகளிலும் ஒன்பது பேர் பதினொரு மணிக்கே போய்விடும், ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்த கையோடு தாய்மார் வந்து தூக்கிப் போவார்கள், மற்றத் தாய்மார் பின்னேரம் புல்லு வெட்டப் போவதால் அந்தப் பிள்ளைகள் நாலரை வரைக்கும் இருக்கும். பாதி நாள் இருந்த பிள்ளைக்கு முழுப் பேர் போடுவது களவு இல்லையா, அப்படிப் போட்டு மாட்டிய கங்காணியை வேலையை விட்டே தூக்கியதை நான் பார்த்திருக்கிறேன்... அதனால் அந்த ஒன்பது பேருக்கும் அரை, அரை, அரை.

வண்டிச் சத்தம். வந்துவிட்டார்கள். கேஷானி மிஸ் முதலில், பின்னால் தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் மஹத்தயா, கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு அழகமுத்து ஐயா. மிஸ் சின்னப் பெண், என் ஜீவராணியை விட இரண்டு வயது கூட இருக்கலாம், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், அதிலேயே எனக்குப் பாதி உயிர் திரும்பியது. கொப்பியைத் திறந்தார், என் கொப்பி, என் கோணல் எழுத்து, விரல் ஒவ்வொரு வரியாக இறங்குகிறது, என் நெஞ்சும் கூடவே இறங்குகிறது, அடியில் வந்து நின்றுவிட்டது. "அம்மா, இது என்ன, பதினேழரை?" "மொத்தப் பிள்ளைங்க மிஸ்." "பதினேழரைப் பிள்ளையா?" அழகமுத்து ஐயா முந்திக்கொண்டு சிரித்தார், கண்டக்டர் மஹத்தயாவுக்குச் சிங்களத்தில் சொல்லிச் சிரிக்க வைத்தார், சுப்பம்மாகூட, துரோகி, முந்தானையால் வாயைப் பொத்தினாள். "அப்ப அந்த அரைப் பிள்ளை எங்க இருக்கு, காட்டுங்க பார்ப்போம்," என்றார் மிஸ், அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் என்ன செய்வேன், தொட்டிலை விலக்கிச் சுமனைக் காட்டினேன். "இந்தா மிஸ், இவன் ஒரு அரை. பதினொரு மணிக்கு அம்மா தூக்கிட்டுப் போயிருவா. பாதி நாளுக்கு முழுப் பேர் போட்டா தப்பில்லீங்களா?" சுமன் அந்த நேரம் பார்த்துக் கண்ணைத் திறந்து எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தான், அரை ஆள் பார்க்கிற பார்வையா அது.

மிஸ்ஸின் சிரிப்பு நின்றுவிட்டது. "இவன் பால் குடிச்சானா இன்னைக்கு?" "பத்து மணிக்கு முந்தியே குடிச்சான் மிஸ்." "முழுக் கோப்பையா, அரைக் கோப்பையா?" முழுக் கோப்பைதான்... அப்போதுதான், மிஸ் வாயால் சொல்வதற்கு ஒரு மூச்சு முன்னால், எனக்கே விளங்கிவிட்டது. பக்கெட் வருவது இந்தப் பதினேழரையைப் பார்த்து. இருப்பது இருபத்திரண்டு வாய். ஆட்சியும் இல்லை, அரசாங்கமும் இல்லை, பாலைக் குறைத்தது என் பேனா! பூமி பிளந்தால் இறங்கியிருப்பேன். "பாத்தீங்களா மிஸ், இதான் நான் சொன்னேன், இவளுக்கு ஒண்ணும்..." என்று அழகமுத்து ஐயா தொடங்கினார், போச்சு, காடுதான், மரந்தான், வாளிதான் என்று நினைத்தேன். மிஸ் தலையைத் தூக்கவே இல்லை. "ஐயா, இந்தக் கொப்பியில ஒரு நாள்கூட விடுபடல. எந்தப் பிள்ளை எப்ப வந்துச்சு, எப்ப போச்சு, எல்லாம் இருக்கு. நான் பார்த்த தோட்டத்துல இப்படி ஒரு கொப்பி இல்ல. அரையை ஒண்ணாக்கினா சரி." பிறகு என்னைப் பார்த்து, "குறைஞ்ச பாலுக்கு என்ன செஞ்சீங்க அம்மா?" என்று கேட்டார். ஆணியில் தொங்கிய கம்பியை எடுத்துக் கொடுத்தேன், நானாவின் துண்டுகள் பூப்போலக் கோத்திருந்தன.

அவர் ஒவ்வொன்றாகப் பிரித்தார், கண்டக்டர் மஹத்தயாவிடம் காட்டினார், அமைதியாகத்தான் சொன்னார், ஒரு தொழிலாளி கடன் வாங்கித் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்திருக்கிறாள், இதை நான் ரிப்போர்ட்டில் எப்படி எழுத வேண்டும் என்று. மஹத்தயா சரி, சரி என்று கையை ஆட்டினார். "ஹரி, ஹரி மிஸ், அது எழுத வேணாம், துரைக்குச் சொல்லி இன்னைக்கே சல்லி தாரோம்." மிஸ் படிவத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார், மைப்பெட்டியை அழகமுத்து ஐயா பழக்கதோசத்தில் எடுத்து நீட்டிவிட்டார், பாவம், நான் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். மீ. னா. ம். பா. ள். இனி என்னை இந்தக் காம்பராவிலிருந்து யார் எழுப்புவது? இடது கையில் சுமன், வலது கையில் பேனா, சுப்பம்மா பின்னால் மூக்கைச் சிந்துகிறாள், "ஏ மீனா, எனக்கும் ஒரு எழுத்து சொல்லிக் குடுடி" என்கிறாள்...

பின்னேரம் துரையின் கந்தோரில் காசை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே மாவனல்லை, உட்கார இடம் இருந்தும் நின்றேன், கடைப் பலகைகளில் தமிழ் இருப்பதையெல்லாம் வாசித்துக்கொண்டே. "வாங்க தங்கச்சி, என்ன, மொகத்துல பெருநாள் ஈக்கிது?" என்றார் தாஸிம் நானா. ஆயிரத்து நூற்றிருபத்தைந்தை எடுத்து வைத்தேன். "வெத்தலக் காச உடுங்க, பன்னெண்டரதானே." "அரையும் கணக்குதான் நானா," என்று முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கடைசி ஐம்பது சதம் வரைக்கும் வைத்தேன், தோட்டத்துக் காசில் என் வெற்றிலை சேரக் கூடாது. அவர் சிரித்துக்கொண்டே பென்சிலைத் தேடினார். "எண்டாலும் புது ஆட்சி நல்ல ஆட்சி தங்கச்சி. முந்தி மாசா மாசம் அந்த எதிர்க் கடையில தோட்டத்துப் பால்மா வந்து எறங்கும், அரை வெலைக்கு விப்பாங்க, என்கிட்ட யாரு வாங்குவாங்க? ஆட்சி மாறினதோட அது நிண்டு போச்சி." நான் எதிர்க் கடையைத் திரும்பிப் பார்த்தேன். ஆட்சி மாறியது ஆகஸ்டில், நான் பேனா எடுத்தது அதற்கு எத்தனையோ மாதம் கழித்து... நின்றது எந்த மாதம் நானா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. ரேகை வைத்த காலத்தில் பால் ஒருநாளும் தட்டியதில்லை. இருபத்திரண்டு பேர் குடித்து, இங்கே வந்து இறங்கவும் மிச்சம் இருந்ததென்றால் என் ரேகைக்கு மேலே அழகமுத்து ஐயா எத்தனை பிள்ளைகளை எழுதியிருப்பார், நான் ஆட்டாத தொட்டிலில், நான் பார்க்காத முகத்தோடு, முப்பதா, நாற்பதா... நானா என் பேரின் மேல் நீளமாக ஒரு கோடு கிழித்து, "முடிஞ்சி தங்கச்சி, சுத்தம்," என்றார். கோட்டுக்கு அடியிலும் என் பேர் வாசிக்கக்கூடியதாகத்தான் இருந்தது. நான் என் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தேன். மை இல்லை, கொஞ்சம் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.