நாலாம் எண் தகடு

கண்காட்சி இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்த பட்டப்பெயர் 'உலகம்'. வாயைத் திறந்தால் உலகத் தரம், உலக சாதனை என்றுதான் வரும். கழிப்பறைக்குப் புதுக் குழாய் போட்டதைக்கூட அப்படித்தான் அறிவித்தார்.

'உலகின் கொடிய நச்சு உயிரினங்கள்' கூடமும் அவருடைய கனவுதான். அதில் ஒரு சங்கடம். எல்லாவற்றிலும் கொடியது என்று பலகை மாட்டிய நாலாம் பெட்டித் தைப்பான் என்ற ஆஸ்திரேலியப் பாம்பு, காய்ந்த குச்சி மாதிரிப் பழுப்பாக மூலையில் கிடந்தது. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் உலகம் முகம் சுளித்தார். "கொடூரத்துக்கு ஒரு களை வேணாமாய்யா?" பலகையும் எண் தகடும் கழன்று, ஏழாம் பெட்டிக் கட்டுவிரியனுக்குப் போயின. கருப்பு வெள்ளைப் பட்டை, படத்துக்கு எடுப்பு.

"விஷமுறிவு மருந்துப் பெட்டியெல்லாம் பாம்புப் பெட்டி எண்படிதான் இருக்கு சார். அதையும் மாத்தணும்" என்றார் பாம்புப் பராமரிப்பாளர்.

"விழா முடியட்டும்யா."

அன்றிரவு சாப்பிடும்போது பராமரிப்பாளர் இதை மனைவியிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். அவள் அதே கண்காட்சியில் டிக்கெட் கவுண்டரில் இருப்பவள். சிரித்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் புகைப்படக்காரர் வந்தார். "தலையைத் தூக்க வைய்யா" என்றார் உலகம். பராமரிப்பாளர் கொக்கியை உள்ளே விட்டார். கட்டுவிரியன் கொக்கியை விட்டுவிட்டுக் கையைப் பிடித்தது.

கடி வலிக்கவில்லை என்று விழா முடியும்வரை நின்றார். பன்னிரண்டு மணிக்கு மருத்துவமனை சேரும்போதே அவருடைய இமைகள் விழுந்துவிட்டன. எது கடித்தது என்று சொல்வதற்குள் நாக்கு குழறி நின்றது. பிறகு மூச்சும் தடுமாறியது. குழாய் செருகினார்கள். மூச்சு இயந்திரம் ஒன்றுதான், அதுவும் வேறொருவருக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனவே குழாயில் மாட்டிய ரப்பர் பையை மனைவி கையால் அமுக்கிக்கொண்டிருந்தாள். அமுக்கினால் மார்பு ஏறும். விட்டால் இறங்கும்.

கடித்த பெட்டியின் தகட்டைப் பார்த்துக் கண்காட்சியிலிருந்து கொடுத்தனுப்பிய நாலாம் எண் மருந்து, தைப்பானுக்கானது, இரண்டு குப்பி ஏறியும் இமை அசையவில்லை.

"டாக்டரம்மா, கடிச்சது தைப்பான் இல்ல, கட்டுவிரியன். தகட்டை மாத்திட்டாங்க. நேத்து ராத்திரி அவரே சொன்னாரு."

"ரெண்டும் நரம்பைத்தான்மா பிடிக்கும், பாத்துச் சொல்ல முடியாது. நாலாம் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பழுப்புப் பாம்புதான் இருக்கு."

அவளுக்கு விளங்கியது. பாம்பை மாற்றத்தான் தைரியம் வேண்டும். தகட்டை மாற்ற ஒரு திருப்புளி போதும். பத்திரிகைக்காரர்கள் போனதும் உலகம் எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டார்.

அவரே வந்தார், சட்டையில் விழா பேட்ஜோடு. கையில் மருந்துப் பெட்டி: இன்னும் இரண்டு குப்பி, அதுவும் நாலாம் எண்.

"ஏம்மா, பதற்றத்துல ஏதேதோ பேசாதே. எங்க பதிவேடு உலகத் தரம்."

"சார், உங்க கால்ல விழறேன். தகட்டை மாத்துனீங்களா இல்லையா?"

"பாம்பு விஷயம்லாம் உனக்கு எப்படிம்மா தெரியும்? நீ கவுண்டர்ல இருக்கிறவ."

"ஆமா சார், நான் சீட்டுக் கிழிக்கிறவ. இதைப் பிடிங்க."

பையை அவர் கையில் திணித்துவிட்டு விலகி நின்றாள். உலகம் திகைத்தார். மார்பு இறங்கியது, ஏறவில்லை.

"அமுக்குங்க சார்!"

அமுக்கினார். மார்பு ஏறியது.

"அவருக்குக் கண்ணுதான் மூடியிருக்கு, காது கேக்குது. நீங்க சொல்றதை எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருக்காரு. இப்ப அவருகிட்டயே சொல்லுங்க, எங்க பதிவேடு சரின்னு."

உலகத்தின் வாய் திறந்தது. உலகத் தரமான எதுவும் வரவில்லை. நெற்றி வேர்வை பேட்ஜில் சொட்டியது. எட்டு, பத்து முறை அமுக்கியிருப்பார். அந்த மார்பு தன் விரலுக்குத்தான் ஏறுகிறது என்பது மெல்ல உறைத்தது.

"டாக்டர்... ஏழு. ஏழாம் நம்பர் மருந்து."

"எங்ககிட்ட அது கையிருப்பு இல்ல. எங்கய்யா இருக்கு அது?" டாக்டர் கத்தினாள்.

"குளிர்பெட்டியில. சாவி என் சட்டைப் பையில."

டாக்டர் சாவியைப் பிடுங்கி ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் எறிந்தாள். போய் வர நாற்பது நிமிடம். "மருந்து ஏறினாலும் உடனே மூச்சு திரும்பாது. நாள் கணக்காகலாம். பையை மட்டும் நிறுத்தாதீங்க."

உலகம் பையை அவளிடம் நீட்டினார். "கை வலிக்குதும்மா..."

அவள் வாங்கவில்லை. குனிந்து கணவனின் காதருகே, "ஏங்க, மருந்து வருது. இருங்க, கொஞ்சம் இருங்க" என்றாள். பிறகு நிமிராமலே சொன்னாள்:

"அமுக்குங்க சார். உங்களுக்கு முடியாம போனா நான் வாங்கிக்கறேன். இப்ப அமுக்குங்க."